நோபாஸைத் தலைவராக்கிய கதை

மலேசியாவில் ‘பாஸ்’ என்று கூப்பிட்டதற்காகச் சண்டைக்கு வந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நம் ஊரில் யார்தான் பாஸ் இல்லை? மாமாக் தேநீர்க் கடையில் தே தாரிக் ஆற்றுபவர் பாஸ், அதை வாங்கிக் குடிப்பவரும் பாஸ். காடி நிறுத்த இடம் காட்டிக் கையசைப்பவர் பாஸ், அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே நிறுத்துபவரும் பாஸ். பெயர் தெரியாத ஆளுக்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பொதுப் பெயர் அது. ஆனால் இவரிடம் போய், "பாஸ், கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் போதும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முழுதாகத் திரும்புவார்.

"யாருக்கு யாரு பாஸ்? நான் உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறேனா? உங்க லீவை வெட்டுறேனா? பின்ன ஏன் இப்படிக் கேவலப்படுத்துறீங்க?"

கேட்ட ஆள் பாவம், கக்கூஸுக்கு வழி கேட்க வந்த லோரி டிரைவராக இருப்பார். வந்த அவசரத்தையும் மறந்துவிட்டு நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

‘நோ பாஸ், நோ பாஸ்’ என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு நோபாஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே நான் ஸ்டோர் கீப்பர், அவர் போர்க்லிஃப்ட் ஓட்டினார். வீடு பிரிக்பீல்ட்ஸில். பழைய ரயில்வே குடும்பம், மெத்தடிஸ்ட் சபை. சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர் என்று கேள்விப்பட்டு, ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கடவுள்தான் ராஜான்னு பாடச் சொன்னாங்க. ராஜா எதுக்குன்னு கேட்டேன். அன்னைக்கே நிறுத்திட்டாங்க."

அவர் பேச்சில் ஒரு வினோதம் உண்டு. மேனேஜர் முதல் தரை துடைக்கும் பெண் வரை எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். எல்லாருக்கும் ‘நீங்க’தான். ஸ்டோரில் மாவு மூட்டை மேல் படுத்திருக்கும் பூனைக்கும் ‘நீங்க’தான். "கொஞ்சம் தள்ளிப் படுக்கிறீங்களா, மூட்டையைத் தூக்கணும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, அது எழுந்து போகும்வரை இன்ஜினை அணைத்துக் காத்திருப்பார். நான் மட்டும் அவரை அண்ணே என்றேன். முதலில் ஆட்சேபித்தார். பிறகு யோசித்து, "வயசு நான் செஞ்ச தப்பில்ல. சரி, கூப்பிடுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

"நீங்க என்ன கட்சி?" என்று பேக்கிங்கில் வேலை செய்யும் லெட்சுமி அக்கா ஒருநாள் கேண்டீனில் கேட்டுவிட்டார்.

"கட்சி இல்ல. அனார்க்கிஸ்ட் கம்யூனிஸ்ட்."

"ரெண்டுல எது?"

"ரெண்டும். அரசாங்கமும் வேணாம், முதலாளியும் வேணாம். வேலைய எல்லாரும் அவங்கவங்களால முடிஞ்ச அளவு செய்யணும். அவங்கவங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்கணும். எப்படிச் செய்யறதுன்னு அந்த வேலையைச் செய்யறவங்களே கூடி உக்காந்து முடிவு எடுக்கணும். மேலேர்ந்து யாரும் சொல்லக் கூடாது."

"அப்ப டத்தோ பட்டமெல்லாம் யாரு குடுப்பா?"

 நோபாஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

எனக்கு இந்தக் கொள்கையில் பயம் இருந்தது. காடிக்கும் வீட்டுக்கும் வங்கித் தவணை கட்டுகிறவனுக்கு வரும் பயம். "அப்ப என் காடியெல்லாம் பிடுங்கிக்குவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"உங்க காடி யாருக்கு வேணும்? அதுல ஏர்கோன்கூட வேலை செய்யல. உங்க சட்டை, உங்க குடை, உங்க காடி எல்லாம் உங்களுதுதான். நான் கேக்கறது, அந்தா நீளமாப் படுத்துக் கிடக்குதே அந்த அடுப்பு. அது யாரோடது?"

"முதலாளியோடது. அவருதானே வாங்கினாரு."

"எதை வித்து வாங்கினாரு?"

"பிஸ்கட்டை."

"பிஸ்கட்டை யாரு சுட்டா?"

"ஆ கியோங் அங்கிள்."

"அப்பறம்?"

அன்று முழுக்க அடுப்புக்காரர் ஆ கியோங்கை நான் ஒரு தனி மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்போது மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்த மறுநாள் எல்லாரும் மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு வருவோம். நோபாஸ் மட்டும் பளிச்சென்ற விரலோடு வருவார். "ஒரு நாள் விரலை நீட்டிட்டு அஞ்சு வருஷம் வாயைப் பொத்திக்கணுமா? எனக்கு அந்த ஒப்பந்தம் சரிப்படாது" என்பார். ஒரு தடவை இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர், நம்ம ஆள் என்று நம்பி அவரைச் சேர்க்க வந்தார். "உங்க கட்சியில தலைவர் இருக்காரா?" என்று நோபாஸ் கேட்டார். இருக்கிறார் என்று வந்தவர் பெருமையாகச் சொன்னார். "அப்ப நீங்க அவர்கிட்டயே பேசிக்குங்க. எனக்கு உங்களோட பேசத்தான் ஆசை" என்று சொல்லிவிட்டு போர்க்லிஃப்டில் ஏறிவிட்டார்.

ஆனால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மேனேஜர் வீட்டுக்கும் போவார். போனால் சும்மா சாப்பிட்டுவிட்டு வரக் கூடாதா? கையில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களிடம் ஆரம்பித்துவிடுவார். "பாருங்க, முன்னப் பின்னத் தெரியாதவங்ககூட உள்ள வந்து சாப்பிடறாங்க. முடிஞ்சவங்க சமைச்சாங்க, பசிச்சவங்க சாப்பிட்டாங்க. யாரும் யாரையும் கணக்குக் கேக்கல. நான் சொல்றது இதைத்தான். வருஷத்துல ஒரு நாள் நீங்க எல்லாரும் கம்யூனிஸ்டுதான். மிச்ச நாளைக்கு என்ன நோவு?" மேனேஜரின் மனைவி அவர் தட்டில் இரண்டு முறுக்கைக் கூடுதலாக வைத்து வாயை அடைப்பார். சாமி இல்லை என்று சொல்கிற இதே மனிதர், தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்று வியர்க்க வியர்க்க மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். கேட்டால், "முருகருக்கும் எனக்கும் பிரச்சன இல்ல. அவரைச் சுத்தி இருக்கிற கமிட்டியோடதான் பிரச்சன" என்பார்.

வாட்ஸ்அப் வந்தது, தொழிற்சாலைக்கு ஒரு குழு ஆரம்பித்தோம். ஒருவர் மட்டும் அட்மினாக இருப்பது சர்வாதிகாரம் என்று நோபாஸ் சொல்லி, குழுவில் இருந்த அத்தனை பேரையும் அட்மின் ஆக்கவைத்தார். அதற்குப் பிறகு நடந்தது வரலாறு. காலையில் குழுவின் பெயர் ‘பிஸ்கட் குடும்பம்’ என்றிருக்கும், மத்தியானம் ஒரு காற்பந்துக் குழுவின் பெயராகிவிடும், சாயங்காலம் யாரோ ஒருவரின் குழந்தை படம் முகப்பில் இருக்கும். லெட்சுமி அக்கா காலை வணக்கப் பூக்களை அனுப்புகிறார் என்று ஒருவன் அவரை நீக்கினான். அக்காவின் தோழி அவனை நீக்கினாள். அந்தச் சண்டையில் யாரோ கை தவறி நோபாஸையே நீக்கிவிட்டார்கள். மனிதர் மறுநாள் சிரித்த முகத்தோடு வந்தார். "யாரை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பதவியிலேர்ந்து இறக்கலாம்னு சொல்லிட்டே இருப்பேன்ல? செஞ்சு காட்டிட்டீங்க" என்று எல்லாருக்கும் கை கொடுத்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த காலத்தில்தான் ரஹீமின் கை மாட்டியது.

ரஹீம் வங்காளதேசத்துப் பையன். ஊரில் கொத்தனாராக இருந்து, திருமணம் ஆனதும் இங்கே வந்தவன். மாவை அழுத்தித் தகடாக்கும் உருளையில் வேலை. அந்த உருளைக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். சுத்தம் செய்ய நேரமாகிறது என்று அதைக் கழற்றி ஓரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். வலது கை விரல்கள் உள்ளே போய்விட்டன. மருத்துவமனையில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இன்னோர் அறுவை வேண்டும், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் விரல் மடங்காது என்றார்கள். கம்பெனி அதற்குள் வேறு முடிவு எடுத்துவிட்டது. தையல் பிரித்ததும் விமானம் ஏற்றிவிடுவது, மிச்சத்தை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். விரல் மடங்காத கொத்தனாருக்கு ஊரில் என்ன வேலை கிடைக்கும்?

பார்க்கப் போன எங்களிடம் ரஹீம், "தாக் அப்பா அண்ணே, தாக் அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பரவாயில்லை, பரவாயில்லை என்று அவன்தான் எங்களைத் தேற்றினான்.

நோபாஸ் கூட்டம் போடவில்லை, பேசவில்லை. போர்க்லிஃப்டை ஒவ்வோர் ஆளுக்குப் பக்கத்திலும் நிறுத்தி இறங்கி, "ரஹீம் விஷயத்துல நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் வரும்வரை நின்றார். எங்கள் ஆள் ஒருவன், "அவன் வெளிநாட்டுக்காரன் லா. நமக்கு ஏன் வம்பு?" என்றான்.

"நாளைக்கு உங்க கையைப் பிடிக்கும்போது உருளை ஐசி கார்டு கேட்டுட்டா இழுக்கும்?" என்று நோபாஸ் கேட்டார். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு காலையில் பசியாறப் போனவர்கள் யாரும் கேண்டீனை விட்டு எழுந்திருக்கவில்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர், நேப்பாளி, வங்காளி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் ஓடி வந்தார். "உங்க கெத்துவா யாரு? தலைவர் மேல வாங்க, பேசலாம்" என்றார்.

தலைவர் இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. கடைசியில் லெட்சுமி அக்காவை அனுப்பினோம். ரஹீமுக்கு அறுவை செய்ய வேண்டும், கை சரியாகும்வரை இங்கேயே வைத்திருக்க வேண்டும், வலையைத் திரும்ப மாட்ட வேண்டும். இதைச் சொல்லலாம், இதற்கு மேல் எதையும் அவராகச் சொல்லக் கூடாது, கீழே வந்து கேட்க வேண்டும், அடுத்த தடவை வேறு ஆள் போவார். இதுதான் நாங்கள் கூடி எடுத்த முடிவு. அக்கா பயந்துகொண்டே போனார்.

மேனேஜர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கம்மா, காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம்.

"அதுக்கு முடிவு எடுக்கல சார். கேட்டுட்டு வந்துடறேன்" என்று அக்கா வந்த வேகத்தில் இறங்கி வந்துவிட்டார்.

கேண்டீனில் பெரிய விவாதம் மூண்டது. காப்பி லஞ்சமா இல்லையா? காப்பி லஞ்சம் இல்லை, கூட பிஸ்கட் வைத்தால் லஞ்சம் என்று ஆ கியோங் அங்கிள் வாதாடினார். வெகு நேரம் பேசி, எல்லாருக்கும் கொடுத்தால் குடிக்கலாம் என்று முடிவானது. அதைச் சொல்ல ஆ கியோங் மேலே போனார். "சரி, எல்லாருக்கும் அனுப்பறேன், இப்ப விஷயத்துக்கு வாங்க" என்றார் மேனேஜர். "நான் காப்பிக்கு மட்டும்தான் வந்தேன் லா. விஷயத்துக்கு அடுத்த ஆள் வரும்" என்று சொல்லிவிட்டு ஆ கியோங் இறங்கிவிட்டார். அடுத்த ஆள் நான். நான் போனபோது மேனேஜர் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தயவுசெஞ்சு யாராவது ஒருத்தரைத் தலைவராப் போட்டுக்கங்களேன். எலக்‌ஷன் செலவை நானே பார்த்துக்கறேன்" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பதற்கு முடிவு எடுக்கப்படவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். நோபாஸ் ஒரு தடவைகூட மேலே போகவில்லை. காப்பி வந்த வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். நம் ஆட்களுக்கு ஒருவர் மேல் அன்பு வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது, பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். அந்தத் தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியில் விருந்து ஏற்பாடு செய்தோம். ‘எங்கள் தன்னிகரில்லாத் தலைவரே வருக’ என்று சுவரை மறைக்கும் பதாகை அடித்தோம். அவருடைய வாட்ஸ்அப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, கோட்டும் டையும் போட்ட வேறோர் உடம்பில் ஒட்டியிருந்தார் அச்சடித்தவர். திருமண அலங்காரக்காரரிடமிருந்து சிவப்பு வெல்வெட்டில் ஒரு சிம்மாசனம் வேறு வந்திருந்தது, மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி.

படியேறி வந்த நோபாஸ் அதைப் பார்த்ததும் திரும்பி இறங்கப் பார்த்தார். பிடித்து இழுத்து வந்தோம். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். உடனே, என்ன அடக்கம் பாரு என்று எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னாடையை வாங்கிப் பக்கத்தில் இருந்த ஆ கியோங்குக்குப் போர்த்தினார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அப்போது ரஹீம் மாலையோடு வந்தான். இரண்டாவது அறுவை முடிந்து வலது கையில் கட்டு. இடது கையால் மாலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றான். அத்தனை நேரம் முரண்டு பிடித்த மனிதர் கழுத்தைக் குனிந்து கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் ‘தலைவர்’. வாட்ஸ்அப்பில் எல்லாரும் அட்மின் பதவியைத் துறந்து அவர் ஒருவரை மட்டும் அட்மின் ஆக்கினார்கள். கழிப்பறைக் குழாய் ஒழுகினால் தலைவரிடம் சொன்னார்கள். மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தலைவரிடம் கேட்டார்கள். மருமகளோடு சண்டை போட்ட ஒருவர் தீர்ப்புக்காக ஸ்டோர் வாசலில் காத்து நின்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவர் பழையபடி கேட்பார்.

"நீங்க சொன்னா சரிதான் தலைவரே."

அவர் வைத்தியம் செய்து பார்த்தார். ஒரு வாரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தார். தலைவர் மௌன விரதம் என்று மற்றவர்களும் மெதுவாகப் பேசினார்கள். தன்னை முட்டாள் என்று நினைத்தாலாவது விடுவார்கள் என்று, கிரீம் பிஸ்கட் அடுக்கில் வேண்டுமென்றே போர்க்லிஃப்டை மோதி அத்தனையையும் சாய்த்தார். "நம்மள நினைச்சு நினைச்சு தலைவருக்குத் தூக்கமே இல்ல, பாவம்" என்று கண் கலங்கினார்கள் பேக்கிங் பெண்கள். அன்று என்னிடம் வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, "என்னால முடியல. கங்காணிய வேணாம்னு சொன்னா என்னையே கங்காணி ஆக்கிட்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருக்கு வரவில்லை.

ரஹீமின் விரல்கள் பாதி மடங்க ஆரம்பித்திருந்தன. பயிற்சியை இன்னும் சில மாதங்கள் விடக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அப்போது கம்பெனி அவனுடைய பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை, அந்த வாரக் கடைசியில் ஊருக்கு அனுப்புகிறோம் என்றது. கை சரியாகும்வரை என்று கொடுத்த வாக்கைக் கேட்டால், பாதி சரியாகிவிட்டதே என்றார்கள்.

நோபாஸ் மறுபடி ஒவ்வொருவரிடமும் போர்க்லிஃப்டை நிறுத்தினார். "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை தலைவரே? நீங்க மேல போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது."

"நான் தனியா மேல போனா அது கெஞ்சறது. நீங்க எல்லாரும் கீழ உக்காந்தாதான் அது பேச்சு."

ரொம்ப நல்லாச் சொன்னீர்கள் என்று பாராட்டினார்கள். மறுநாள் காலை அவர் கேண்டீனில் போய் உட்கார்ந்தார். லெட்சுமி அக்காவும் ஆ கியோங்கும் நானும் கூட உட்கார்ந்தோம். மற்றவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். "தலைவர் உக்காந்துட்டாருடா. இனிமே பாரு" என்று ஒருவன் சொன்னது உள்ளே வரை கேட்டது. எல்லாரும் நிம்மதியாகத் திரும்பிப் போய் இயந்திரத்தை ஓட்டினார்கள். அன்றைக்குப் போல அத்தனை உற்சாகமாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மேனேஜர் வந்தார். நாலு பேரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்பதான் பேச வசதியா இருக்கு. நீங்கதானே தலைவர்?"

"இல்ல" என்றார் நோபாஸ்.

"வெளிய எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவங்க வேலை செய்யறாங்க, நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்க. அப்ப இது உங்க பிரச்சனதானே?"

 எதற்கும் மறுத்துப் பேசிப் பழகிய மனிதர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. ரஹீம் ஒவ்வொரு வரிசையாகப் போய் இடது கையால் கை கொடுத்து விடைபெற்றான். "கவலைப்படாதடா ரஹீம், தலைவர் பார்த்துக்குவாரு" என்று ஒவ்வொருவரும் அவன் தோளில் தட்டினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனில் ஏறப் போகிறவனிடம் அதைச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் அதை நம்பினார்கள்.

திங்கள்கிழமை நோபாஸ் வேலைக்கு வரவில்லை. போர்க்லிஃப்ட் சாவி அதன் ஆணியில் தொங்கியது. தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டையும் காலி செய்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

ஆறேழு மாதத்தில் உருளையின் வலையை மறுபடி கழற்றிவிட்டார்கள். எல்லாரும் பார்த்தோம். தலைவர் இல்லையே என்று பேசிக்கொண்டோம். வருவார் என்றுகூடச் சிலர் வாசலைப் பார்த்தார்கள். ஒருநாள் லெட்சுமி அக்கா பேக்கிங்கை விட்டு எழுந்து, உருளைக்கு முன்னால் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். "யாரும் வரப் போறதில்ல. எனக்கு இத பார்த்துட்டு வேலை செய்ய முடியல" என்றார், யாரிடமும் இல்லாமல். அவருக்குப் பக்கத்தில் தோழி உட்கார்ந்தாள். ஆ கியோங் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நேப்பாளிப் பையன்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் தரையில் இடமில்லை, சாயங்காலத்துக்குள் வலை மாட்டியாகிவிட்டது. கூப்பிட்டது யார் என்று பிறகு மேனேஜர் விசாரித்துப் பார்த்தார். சொல்வதற்கு எங்களிடம் ஒரு பெயர் இல்லை.

இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். போன வருஷம் சென்ட்ரல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது, தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என் பெயரை முழுசாகச் சொல்லி, "உக்காருங்க" என்றார். இப்போது கிள்ளானில் இருக்கிறாராம், வீடு திரும்பும் ரயிலுக்காகக் காத்திருந்தார். நான் மூச்சு விடாமல் லெட்சுமி அக்கா கதையைச் சொன்னேன். ரயில் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டுமே.

"எல்லாருமா உக்காந்தாங்க?"

"எல்லாரும் அண்ணே."

"யாரும் கூப்பிடாம?"

"யாரும் கூப்பிடல. நீங்க போனதாலதான் நடந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் முன்னால போய் உக்காந்திருக்கக் கூடாது. நான் உக்காந்துட்டேன்னுதானே அவங்க எழுந்து போனாங்க. இன்னொரு தடவ சுத்தி வந்து கேட்டிருக்கணும். அவங்களா பதில் சொல்றவரைக்கும் விட்டிருக்கக் கூடாது. அவசரப்பட்டுட்டேன்."

"அதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

"வலை திரும்ப வந்துருச்சு, சந்தோஷம். ரஹீம் கை வரலையே." பெஞ்சின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவர் நம்பர் கொஞ்ச நாள் அடிச்சுச்சு. ஊர்ல பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்பறாங்க, செங்கல் எடுத்துக் குடுக்கறேன்னார். கட்டறேன்னு சொல்லல. நானும் கேக்கல. அப்புறம் அந்த நம்பரும் போயிருச்சு. உங்களுக்கு ஏதாவது சேதி வந்துச்சா?"

"இல்லண்ணே."

தலையாட்டினார். வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். எங்களில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார் என்று தோன்றியது.  பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் கிள்ளான் ரயில் வரும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் ரயில் தாமதமானால் வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். அன்றைக்கு மட்டும் அது வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.